பழைய பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களிலிருந்து 2000களின் முற்பகுதி வரை வந்த பிக்கப் வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றிய கேள்விகள் இவை. ஜிஎம் வண்டிகளின் 700ஆர்4, 4எல்60இ, ஃபோர்டின் இ4ஓடி, டாட்ஜின் 46ஆர்இ, 47ஆர்இ ஆகியவைதான் அதிகம் வரும். மற்ற பாக்ஸ்களுக்கும் பார்க்கும் முறை இதேதான். எண்கள் மாறும் இடங்களில் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை நம்புங்கள்.

ஓவர்ஹால் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் போய்விட்டது. வேலை செய்தவர் சரியாகச் செய்யவில்லையா?

இருக்கலாம். ஆனால் ஒரே வண்டியில் இரண்டாவது, மூன்றாவது பாக்ஸும் போகிறது என்றால், காரணம் பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும்: முந்தைய பழுதின் கழிவு அடைத்த கூலர் (பாக்ஸ் ஆயிலை ஆற்றும் பாகம்), மாற்றாமல் விட்ட டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்), தவறாக வைத்த திராட்டில் கேபிள், மோசமான எர்த், இன்ஜினோடு நேராக உட்காராத பாக்ஸ். இவற்றில் எது இருந்தாலும், எவ்வளவு நல்ல கை வேலை செய்திருந்தாலும் அடுத்த பாக்ஸும் போகும்.

எத்தனை தூரம் ஓடியபின் போனது என்பதே நல்ல துப்பு. ஏற்றிய அன்றே அல்லது முதல் சில பத்து கிலோமீட்டருக்குள் போனால் கோர்த்ததில் தவறு: கன்வெர்ட்டர் முழுதாக உட்காரவில்லை, பிஸ்டன் சீலின் உதடு மடங்கியது, வால்வ் பாடியில் (ஆயிலைக் கிளட்ச்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் தொகுதி) செக் பால் என்ற சிறு குண்டு இடம் மாறியது. சில நூறு முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் போனால் கூலர் அடைப்பு, குறைந்த பிரஷர், கேபிள் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிப் போனால் சூடு, சுமை, அல்லது பாக்ஸ் இன்ஜினோடு நேராக உட்காராதது.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் அதே பாகம்தான் போகிறதா? அதே பம்ப், அதே கிளட்ச் என்றால் அந்தப் பாகத்தைத் தாக்கும் குறிப்பான காரணம் ஒன்று உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாகம் என்றால் சூடு, அழுக்கு, பிரஷர் ஆகிய பொதுவான காரணங்கள். அதனால் ஒவ்வொரு முறையும் எரிந்த பாகங்களை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள், கிலோமீட்டரையும் எழுதுங்கள்.

பாக்ஸை இறக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்த வரிசையில் போங்கள். ஆயில் அளவு, நிறம், வாசனை. பிறகு ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண்கள், அதாவது கோடுகள். கோடை அழிக்கும் முன் எழுதி வையுங்கள், அது பதிவான நேரத்து டேட்டாவையும் சேர்த்து. பிறகு பேட்டரி, ஆல்டர்னேட்டர் வோல்டேஜ், எர்த். பிறகு வெளியே தெரியும் லிங்கேஜ், கேபிள், கனெக்டர். பிறகு லைன் பிரஷர் (கிளட்ச்களை இறுக்கும் ஆயில் அழுத்தம்). கடைசியாகத்தான் பேனை (பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) திறப்பது.

லைன் பிரஷர் பார்க்கப் பாக்ஸின் பக்கத்தில் திருகு போட்டு அடைத்த துளை இருக்கும். 0 முதல் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் வேண்டும். ரிவர்ஸில் முழு பிரஷரில் சிறிய கேஜ் உடைந்துவிடும். ஐடிலில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதுங்கள். இன்ஜின் வேகத்தை மெல்ல ஏற்றும்போது ஊசி எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். பிரஷர் எல்லா இடத்திலும் குறைவு என்றால் பம்ப், பிரஷர் ரெகுலேட்டர் அல்லது அடைத்த ஃபில்டர். ஒரே ஒரு கியரில் மட்டும் விழுந்தால் அந்தக் கிளட்ச்சின் சீல் ஒழுகுகிறது. ஊசி நடுங்கினால் பம்ப் காற்றை இழுக்கிறது.

டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும் ஸ்டால் டெஸ்ட்டைத் தேய்ந்த பாக்ஸில் செய்யாமல் இருப்பதே நல்லது. செய்தே ஆக வேண்டுமென்றால் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பிறகு நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஆற்றுங்கள். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

திடீரென்று வண்டி மெல்லக் கிளம்புகிறது, கியர் மாறவே மாட்டேன் என்கிறது, டிரைவில் போடும்போது பலமாக இடிக்கிறது. பாக்ஸ் போய்விட்டதா?

4எல்60இ என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். இந்த பாக்ஸில் இரண்டு ஷிஃப்ட் சோலனாய்டுகளுக்கும் (கியர் மாற்றும், கரண்டில் இயங்கும் வால்வுகள்) கரண்ட் இல்லையென்றால் மூன்றாம் கியர்தான் விழும். பிரஷர் சோலனாய்டும் கரண்ட் இல்லாதபோது முழு பிரஷரைத்தான் கொடுக்கும், அதனால்தான் அந்த இடி. ஃபியூஸ் எரிந்தது, பாக்ஸ் உடம்பில் (கேஸ்) உள்ள கனெக்டர் கழன்றது, ஒயர் எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகியது, இவை மூன்றுமே இதே குறியைக் காட்டும். நல்ல பாக்ஸை இறக்கிவிட்டு, மாற்றியதும் அதே பழுதோடு நிற்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இ4ஓடியில் பாக்ஸின் பக்கத்தில், லீவர் ஷாஃப்ட்டில் இருக்கும் ரேஞ்ச் சென்சார் நீர் புகுந்து கெடும். கியர் தாறுமாறாக மாறும், கோடும் வரும். அதை மாற்றும் முன் கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் அளவு பார்ப்பதில் என்ன இருக்கிறது, டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் போதாதா?

எந்த நிலையில் பார்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, குறைந்தது 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே பார்க்க வேண்டும். லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தித் திரும்புங்கள். ஜிஎம், ஃபோர்டு வண்டிகளுக்கு பார்க்கில். டாட்ஜின் 46ஆர்இ, 47ஆர்இ பாக்ஸ்களுக்கு நியூட்ரலில். பார்க்கில் இந்த பாக்ஸ்கள் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் ஆயில் அனுப்புவதில்லை, அதனால் அளவு தப்பாகக் காட்டும். இதே காரணத்துக்காக, குளிர்ந்த வண்டியைச் சூடாக்குவதையும் இவற்றில் பார்க்கில் செய்யாமல் நியூட்ரலில் பார்க்கிங் பிரேக் போட்டுச் செய்யுங்கள்.

அதிகமாக ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதும் ஒரே கேட்டில்தான் முடியும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்குப் பிரஷர் நிற்காது. இரண்டிலும் கிளட்ச் வழுக்கி எரியும்.

பேனைத் திறந்தேன், அடியில் ஏதோ படிந்திருக்கிறது. எது சாதாரணம், எது ஆபத்து?

காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் மாவு போல இருக்க வேண்டும், நெருடக் கூடாது.

கறுப்புத் துகள்கள் கிளட்ச் அல்லது பேண்டின் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) லைனிங். கொஞ்சம் இருந்தால் வயது; தரையே தெரியாமல் மூடியிருந்தால் ஏதோ ஒரு கிளட்ச் முடிந்துவிட்டது. மஞ்சளாக மின்னும் தூள் புஷ்கள் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையங்கள்) தேய்வதைக் காட்டும், பம்ப் புஷ்ஷிலிருந்தும் வரலாம். வெள்ளையாக, காந்தத்தில் ஒட்டாமல் மின்னுவது அலுமினியம்: பம்ப் உடம்பு, பிஸ்டன் அல்லது கேஸ். காந்தத்தில் ஊசி போல நிற்கும் எஃகுச் சில்லுகள் பேரிங், கியர், ஸ்பிளைன். அவற்றைப் பார்த்தபின் வண்டியை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தச் சில்லை வால்வ் பாடிக்கும் கூலருக்கும் கொண்டு போகும்.

ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். பேனில் விழாதது அங்கேதான் சிக்கியிருக்கும்.

கூலரை பெட்ரோலோ கிளீனரோ விட்டுக் கழுவினோம். போதாதா?

பெரும்பாலும் போதாது. திரும்பத் திரும்பப் போகும் பாக்ஸ்களில் முதல் சந்தேகத்துக்கு உரியது கூலர்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிளட்ச் எரிந்ததும் அதன் தூள் ஆயிலோடு கன்வெர்ட்டருக்கும், அங்கிருந்து நேராகக் கூலருக்கும் போகிறது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் கூலரில், ஆயிலைக் கலக்கிச் சூட்டை இறக்குவதற்கென்றே உள்ளே மடிப்புத் தகடுகள் இருக்கும். தூளும் சில்லும் அந்த மடிப்புகளில் மாட்டிக்கொள்ளும். வெளியே வைக்கும் தகடு அடுக்குக் கூலரில் ஆயில் பல இணையான வழிகளில் ஓடும். பாதி வழிகள் அடைத்தாலும் கழுவும் திரவம் மீதி வழியில் சுலபமாக ஓடிவிடும். வெளியே சுத்தமான திரவம் வருவதைப் பார்த்து கூலர் சுத்தம் என்று நினைத்துவிடுவோம். புது பாக்ஸை ஏற்றி ஓட்டும்போது சூட்டிலும் அதிர்விலும் அந்தக் கழிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, திரும்பும் குழாய் வழியாக முதலில் லூப்ரிகேஷன் துளைகளுக்குப் போகிறது. புஷ்களும் பிளானட் கியர்களும் காய்ந்து போகின்றன.

ஆகவே உள்ளே இரும்பு உடைந்து போன வண்டியில் வெளிக் கூலரைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள். ரேடியேட்டர் கூலர் பத்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றுவதே கணக்குக்குச் சரி. இரும்புக் குழாய்களை மட்டும் கழுவலாம்: கரைப்பான் விட்டு, இரு திசையிலும் காற்றடித்து, கடைசியில் புது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒரு லிட்டர் ஓட்டி.

திரும்பும் குழாயில், கூலருக்குப் பிறகு பாக்ஸுக்கு முன்னால், காந்தம் உள்ள இன்லைன் ஃபில்டர் ஒன்று வையுங்கள். முதல் 1000 கிலோமீட்டரில் அதை மாற்றுங்கள், மாற்றியதை வெட்டிப் பாருங்கள். செலவு குறைவு, பலன் பெரியது.

டாட்ஜின் 46ஆர்இ, 47ஆர்இ வண்டிகளில் கூலர் குழாயில் ஒரு வழி வால்வ் ஒன்று இருக்கும், வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டர் ஆயில் பேனுக்கு வடியாமல் தடுக்க. கழிவு வந்ததும் அதுதான் முதலில் அடைக்கும். பாக்ஸ் மாற்றும்போது அதைப் பழையதோடு விடவே கூடாது.

கூலரில் போதுமான ஆயில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்துதான். திரும்பும் குழாயைப் பாக்ஸ் பக்கத்தில் கழற்றி, நீளமான ஹோஸ் மாட்டி, அளவுக் கோடு போட்ட வாளியில் விடுங்கள். இரண்டு ஆள் வேண்டும். ஆயில் சூடாக, லீவர் நியூட்ரலில், ஐடிலில், 20 விநாடிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வர வேண்டும். 4எல்60இ பாக்ஸுக்கு 30 விநாடியில் 2 லிட்டர் அளவில் வர வேண்டும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், பேன் காலியானால் பம்ப் காய்ந்துவிடும். ஓட்டியபின் எடுத்த ஆயிலை அதே அளவு திருப்பி ஊற்றுங்கள்.

அளவு குறைந்தால் அடுத்து பாக்ஸிலிருந்து வெளியே போகும் குழாயில் அதே சோதனை. அங்கே சரியாக வந்து திரும்பும் இடத்தில் குறைந்தால் கூலர் அல்லது குழாய் அடைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் குறைந்தால் பழுது பாக்ஸுக்குள். ஆயில் விட்டு விட்டு, குமிழியோடு வந்தால் பம்ப் காற்றிழுக்கிறது.

பாக்ஸ் ஏற்றிய அன்று இந்தச் சோதனையைச் செய்து எண்ணை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருந்தது. பழையதையே போட்டால் என்ன?

அதன் உள்ளே எவ்வளவு கழிவு இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. பற்ற வைத்து மூடிய பாத்திரம் அது. கவிழ்த்து வடித்தால் ஆயில் கொஞ்சம் வரும், தூள் பிளேடுகளுக்கு நடுவிலேயே நிற்கும். ஓவர்ஹால் செய்யும் ஒவ்வொரு முறையும் வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, லாக்கப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) லைனிங் மாற்றிப் பற்ற வைத்த கன்வெர்ட்டரையோ புதியதையோ போடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது அடுத்த பாக்ஸுக்கு முன்பணம் கட்டுவதற்குச் சமம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் ஊற்றி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டர்பைன் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று முறை 'டக்' என்று உள்ளே இறங்கும். பாக்ஸை இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கியபின்பும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் கிராங்கில் மாட்டிய மெல்லிய தகடு) நடுவே 3 முதல் 5 மி.மீ இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கன்வெர்ட்டர் பம்ப்பில் முழுதாக இறங்கவில்லை. போல்ட்டை வைத்து இழுத்தால் பம்ப் கியர் அங்கேயே உடையும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சத்தம், பிறகு எந்த கியரும் இல்லை; அதற்குக் காரணம் இதுதான்.

முன் சீல் மாற்றிக்கொண்டே இருக்கிறேன், ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பம்ப்பும் இரண்டு முறை போயிற்று.

சீலில் குறையில்லை. கன்வெர்ட்டர் கழுத்து மையத்தில் சுற்றவில்லை. பார்க்க வேண்டியவை:

இன்ஜினின் பின்பக்கத்தில் இரண்டு டவல் பின்கள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் யாரோ இன்ஜின் மாற்றியபோது ஒன்று காணாமல் போயிருக்கும். போல்ட்கள் பாக்ஸைப் பிடிக்கும், நேராக நிறுத்தாது. அது பின்களின் வேலை. பின் இல்லாத பாக்ஸ் ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு விலகினாலே பம்ப் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும்.

ஃபிளெக்ஸ் பிளேட்டில் கிராங்க் போல்ட்களைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஐடிலில் தட்டுகிற சத்தம், வேகம் ஏற்றினால் மறைவது இதன் குறி.

டயல் கேஜை கிராங்கில் மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றி பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் பாக்ஸின் முன்பகுதி) துளை மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கலாம். மொத்த ஊசி அசைவு 0.25 மி.மீக்குள் இருப்பது நல்லது. கூடினால் ஆஃப்செட் டவல் பின் போட்டுத் திருத்த முடியும்.

கிராங்கின் முன் பின் ஆட்டம் அதிகம் என்றால் அதுவும் பம்ப்பைக் கொல்லும். பாக்ஸின் பின் மவுண்ட் இத்துப்போயிருந்தால், புராபெல்லர் ஷாஃப்ட் கோணம் தப்பியிருந்தால் பின்பக்க புஷ்ஷும் சீலும் போகும். வண்டியை உயர்த்திய பிக்கப்களில் ஷாஃப்ட்டின் ஸ்லிப் யோக் (பாக்ஸுக்குள் நுழைந்து சறுக்கும் முனை) பாக்ஸுக்குள் முட்டாமல், அதே நேரம் வெளியே அதிகம் வராமலும் இருக்கிறதா என்று சுமை ஏற்றிய நிலையிலும் பாருங்கள்.

700ஆர்4 பாக்ஸில் டிவி கேபிள் (திராட்டில் வால்வ் கேபிள்) என்கிறார்கள். அது ஏன் அவ்வளவு முக்கியம்?

1982இல் வந்த இந்த பாக்ஸில் கம்ப்யூட்டர் பிரஷரைத் தீர்மானிப்பதில்லை. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கேபிள்தான் வால்வுக்குச் சொல்லும், அந்த வால்வ்தான் லைன் பிரஷரை ஏற்றும். கேபிள் தளர்ந்திருந்தால் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் முறுக்கு கூடும், பிரஷர் கூடாது. கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். கியர் சீக்கிரமாக, மெத்தென்று மாறும், ஓட்டுபவருக்கு அது சுகமாகக்கூட இருக்கும். புது பாக்ஸை ஒரே நாளில் எரிக்க இது போதும்.

சரிசெய்வது எளிது. இன்ஜினை நிறுத்துங்கள். கேபிளின் லாக் பட்டனை அழுத்திக்கொண்டு, ஸ்லைடரைத் திராட்டிலிலிருந்து விலகும் பக்கம் முழுதாகத் தள்ளி, பட்டனை விடுங்கள். பிறகு கார்புரேட்டர் அல்லது திராட்டில் பாடியின் லீவரைக் கையால் முழுதாகத் திறங்கள். ஸ்லைடர் கிளிக் கிளிக் என்று நகர்ந்து தானே நிற்கும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, கேபிள் முழு நீளம் வருகிறதா என்று பாருங்கள். தடித்த மிதியடி அந்தக் கடைசிச் சென்டிமீட்டரைத் திருடிவிடும்.

கார்புரேட்டரை மாற்றிய வண்டியில் கேபிள் மாட்டும் முனையின் தூரமும் கோணமும் மாறிவிடும். அதற்கென்று வரும் பிராக்கெட் இல்லாமல் எவ்வளவு சரிசெய்தாலும் பிரஷர் தப்பாகத்தான் ஏறும். இந்த வண்டியில் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

4எல்60இயில் மூன்றாம், நான்காம் கியர் மட்டும் திரும்பத் திரும்ப எரிகிறது.

3-4 கிளட்ச்தான் இந்த பாக்ஸின் பலவீனமான இடம். புது பிளேட் போட்டால் மட்டும் நிற்காது. இன்புட் ஷாஃப்ட்டின் டெஃப்லான் ரிங்குகள் சரியாகச் சுருக்கி உட்கார வைக்கப்பட்டனவா, இன்புட் டிரம் பிஸ்டன்களில் விரிசல் இருக்கிறதா, கேஸுக்குள் இருக்கும் மூன்றாம் கியர் செக் பால் கூடு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். கேஸில் அந்தத் துளையில் கரைப்பான் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பம்ப்பில் பிரஷர் பூஸ்ட் வால்வும் அதன் கூடும் தேய்ந்திருந்தால் சுமையில் பிரஷர் ஏறாது, அதையும் மாற்றுங்கள்.

பிளேட்களைக் கோர்க்கும் முன் ஏடிஎஃபில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். கோர்த்தபின் ஃபீலர் கேஜால் இடைவெளி, பிறகு 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்று விட்டுச் சோதனை: 'தப்' என்று பிஸ்டன் அடிக்க வேண்டும், காற்று சீறக் கூடாது.

பி1870 என்ற கோடு வந்தால் அது வேறு. லாக்கப் பிரஷரைத் துடிப்பாகக் கொடுக்கும் வால்வ், அலுமினிய வால்வ் பாடியில் தன் துளையைத் தேய்த்துவிட்டது. துளையை ரீமர் போட்டு ஸ்லீவ் வைத்தால் தீரும். அதை விட்டுவிட்டு பாக்ஸை மட்டும் புதுப்பித்துப் பழைய வால்வ் பாடியை மாட்டினால் கோடு திரும்ப வரும்.

இதே பாக்ஸில் ரிவர்ஸ், இரண்டு, நான்கு மூன்றும் ஒரே சமயத்தில் போயின. ஒன்றும் மூன்றும் இருக்கின்றன.

சன் ஷெல் (சன் கியரோடு இணைந்த எஃகுக் கூடு) உடைந்தது. கடினப்படுத்திய ஷெல் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். உடைந்த இரும்பு ஓடியிருக்கும், ஆகவே கூலர் பற்றி மேலே சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்.

எவ்வளவு சூடு தாங்கும்? கேஜ் எங்கே வைப்பது?

பேனில் 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு இயல்பு. மலையேற்றத்தில், ட்ரெய்லரோடு 110 வரை போய்த் திரும்பலாம். 120 தாண்டினால் நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலில் விட்டு ஆற்றுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டால் கூலரில் ஆயில் ஓடாது. 150 அளவில் சீல்கள் கெட்டியாகி, கிளட்ச் லைனிங் பசை விடத் தொடங்கும். ஒவ்வொரு 10, 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

சென்சார் பேனில் இருந்தால் பாக்ஸின் பொதுவான சூடு தெரியும். வெளியே போகும் குழாயில் இருந்தால் கன்வெர்ட்டரிலிருந்து வரும் சூடு உடனே தெரியும், எண் பயமுறுத்தும் வேகத்தில் ஏறி இறங்கும். ஒன்றுதான் வைக்க முடியுமென்றால் பேனில் வையுங்கள்.

சூட்டின் பெரும்பங்கு கன்வெர்ட்டரில்தான் பிறக்கிறது. லாக்கப் பிடித்ததும் அது நின்றுவிடும். லாக்கப் பிடிக்காமலேயே ஓடும் வண்டியில் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. சமவேகத்தில் இன்ஜின் சுற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இதற்கு அடிக்கடி காரணமாவது பிரேக் சுவிட்ச். பெடலில் இருக்கும் அந்தச் சுவிட்ச் 'பிரேக் மிதித்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் லாக்கப் பிடிக்கவே பிடிக்காது. இன்ஜின் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான், இன்ஜின் சூடேறாதவரை கம்ப்யூட்டர் லாக்கப் கொடுக்காது. சமவேகத்தில் போகும்போது பெடலை இடது காலால் லேசாகத் தொடுங்கள். சுற்று சற்று ஏறி, விட்டதும் இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது.

பெரிய டயர் போட்டிருக்கிறேன். அதுவும் காரணமா?

ஆம், கணக்குப் போட்டால் தெரியும். 31 அங்குல டயரை 35 அங்குலமாக்கினால் 13 சதவீதம் உயரம் கூடுகிறது. ஆக்சிலில் 3.42 விகிதம் இருந்தால் அது 3.03 போல நடந்துகொள்ளும். பாக்ஸ் எப்போதும் கூடுதல் சுமையில், கன்வெர்ட்டர் எப்போதும் கூடுதல் வழுக்கலில். பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 3.86 வேண்டும், ஆகவே 3.73 அல்லது சுமை இழுப்பவர்களுக்கு 4.10. கம்ப்யூட்டர் வண்டி என்றால் டயர் அளவை அதில் திருத்தியாக வேண்டும்.

ட்ரெய்லர் இழுக்கும்போது கியர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஊசலாடினால் ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கிளட்ச்சையோ பேண்டையோ தேய்க்கிறது.

மின்சாரக் கோளாறு இரும்பு பாக்ஸை எப்படிக் கெடுக்கும்?

பிரஷரைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் பாக்ஸில், கம்ப்யூட்டருக்குப் பொய் சொன்னால் பிரஷரும் பொய்யாகும். ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகி உண்மையைவிடக் குறைந்த காற்றைக் காட்டினால், சுமை குறைவு என்று கணக்கிட்டு 4எல்60இ குறைந்த பிரஷர் கொடுக்கும். கிளட்ச் வழுக்கும். திராட்டில் சென்சார் மூடியபோது ஏறக்குறைய அரை முதல் 1 வோல்ட் வரை, முழுதாகத் திறந்தால் 4.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நடுவில் ஓரிடத்தில்கூட துள்ளக் கூடாது. மீட்டரை வைத்து மிக மெதுவாக லீவரை நகர்த்திப் பாருங்கள்.

எர்த் சோதனை: மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கேபிள் மோசம். அதே சோதனையை இன்ஜின் ஓடும்போது பாக்ஸ் கேஸில் செய்யுங்கள், லைட், ஃபேன் எல்லாம் போட்டு, 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லாத கரண்ட் கேபிள் வழியாக, ஷாஃப்ட் வழியாக, பேரிங் வழியாக வீடு தேடும்.

ஆயில் ரோஸ் நிறத்தில், பால் கலந்தது போல வருகிறது.

ரேடியேட்டருக்குள் கூலர் உடைந்து கூலன்ட் பாக்ஸுக்குள் போய்விட்டது. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃபிரான்டியரில் இது பேர்போன பழுது. இன்ஜினை உடனே நிறுத்துங்கள். கூலன்டில் இருக்கும் நீரும் கிளைகாலும் கிளட்ச் லைனிங்கின் பசையைக் கரைத்துவிடும், ஆகவே ஆயிலை நாலு முறை மாற்றி ஓட்டினால் சில மாதத்தில் லைனிங் உரியும். எல்லா கிளட்ச் பிளேட், கன்வெர்ட்டர், சீல், ரேடியேட்டர் மாற்ற வேண்டும். கண்டது அன்றே, சில நிமிட ஓட்டத்தில் என்றால் மட்டும் முழு ஆயில் மாற்றம் முயற்சிக்கத் தகுந்தது.

எந்த ஆயில்? பழைய கறுத்த ஆயிலை மாற்றினால் பாக்ஸ் போய்விடும் என்கிறார்களே?

ஜிஎம் பாக்ஸ்களுக்கு டெக்ஸ்ரான் 6. டெக்ஸ்ரான் 3 கேட்ட பழைய பாக்ஸ்களுக்கும் ஜிஎம் அதையே சொல்கிறது. இ4ஓடிக்கு மெர்கான் 5. டாட்ஜின் 46ஆர்இ, 47ஆர்இக்கு ஏடிஎஃப்+4. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஒரே டப்பாவில் வருவதைவிடச் சொன்ன வகையை ஊற்றுங்கள்.

பேனை இறக்கினால் வருவது மொத்தத்தில் பாதிகூட இல்லை. 4எல்60இயில் பேனுக்கு ஏறக்குறைய 4.7 லிட்டர், மொத்தம் 10.6 லிட்டர், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும்.

கறுத்த ஆயில் பற்றிய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கிளட்ச் ஏற்கெனவே முடிந்த பாக்ஸில், ஆயிலில் மிதக்கும் தூளே கொஞ்சம் பிடிப்பைக் கொடுக்கும். புது ஆயில் வந்ததும் வழுக்கல் வெளியே தெரிகிறது. ஆயில் அதைக் கொல்லவில்லை, ஒரு மாதம் முன்னதாகக் காட்டிக்கொடுத்தது. வழுக்காத பாக்ஸில், ஆயில் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பேன், ஃபில்டர் முறையில் மாற்றுங்கள். மிஷின் வைத்து அழுத்தத்தோடு தள்ளும் முறை பழைய பாக்ஸுக்கு வேண்டாம்.

அடுத்த முறை யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது?

கடையின் பெயரைவிடக் கேள்விகள் முக்கியம். கன்வெர்ட்டரும் கூலரும் சேர்த்தா? வால்வ் பாடி துளைகளை வேக்குவம் வைத்துச் சோதிக்கிறீர்களா? இந்த பாக்ஸின் பலவீனமான பாகங்களுக்கு எந்த மேம்பட்ட பாகம் போடுகிறீர்கள்? ஏற்றியபின் லைன் பிரஷர், கூலர் ஓட்டம் இரண்டையும் எழுதித் தருவீர்களா? உத்தரவாதத்தில் இறக்கி ஏற்றும் கூலி உண்டா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

பழைய இரும்புக் கடையிலிருந்து எடுக்கும் பாக்ஸ், வண்டி இன்னும் ஓரிரு வருடம் ஓடினால் போதும் என்பவர்களுக்குச் சரி. எடுக்கும் முன் பேனைத் திறந்து பார்க்கவும், முன் சீலும் பின் சீலும் ஃபில்டரும் மாற்றியே ஏற்றவும். அப்போதும் கூலர் புதிது.

மூன்றாவது பாக்ஸ் என்றால், ஃபிரேம் துருவையும் இன்ஜினின் நிலையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஃபிரேம் போன வண்டிக்கு நல்ல பாக்ஸ் போடாதீர்கள்.

புது பாக்ஸ் ஏறிவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டார்ட் செய்யும் முன் 5 லிட்டர் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நிறுத்தாமல் உடனே 2 லிட்டர், பிறகு அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் பாக்ஸ் என்றால் பழைய பாக்ஸின் தேய்மானத்துக்காக அது கற்று வைத்திருக்கும் பிரஷர் கணக்கை ஸ்கேனரால் அழித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இறுகிய புது கிளட்ச்சுக்குப் பழைய திருத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

20 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, எல்லா கியரும் பலமுறை மாறவிட்டு, சூட்டில் அளவு பாருங்கள், ஒழுகல் பாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் ட்ரெய்லர் வேண்டாம். 1000இல் இன்லைன் ஃபில்டரை மாற்றும்போது பேனையும் இறக்கி, காந்தத்தைத் துடைத்து, அதில் வந்ததை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் மாவு மட்டும் இருந்தால் புது ஃபில்டர் போட்டு மூடலாம். மஞ்சள் தூளோ வெள்ளைச் சில்லோ இருந்தால் உத்தரவாதம் இருக்கும்போதே, அந்தத் துணியோடு வண்டியைத் திரும்பக் கொண்டு போங்கள்.